எட்டுக் கலன்கள் சொன்ன சாட்சி

தலைமை இருக்கைக்கு மதிப்புச் சேர்த்து அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, ஆய்வுக்கூடத்தை அரும்பாடுபட்டு வளர்த்த மூத்தோர்களே, பிள்ளைகளையும் சமாளித்துக்கொண்டு என் பேச்சையும் பொறுத்துக்கொள்ளப்போகும் தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்!

இரண்டாவது தானியங்கி எந்திரத்தை வாழ்த்திப் பேச என்னை மேடையேற்றினார்கள். வாழ்த்துகிறேன். அதற்குமுன், முதல் எந்திரம் என்னை எப்படி மாட்டிவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அது என்ன எந்திரம்? வரிசையாக எட்டுக் கண்ணாடிக் கலன்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சூடு, தனிக் கலக்கி. எட்டுச் சோதனைகளை ஒரே நேரத்தில், கைபடாமல் நடத்தும். என்னம்மா? சமையலுக்குக் கிடைக்குமா என்கிறீர்களா? கிடைத்தால் முதலில் என் வீட்டுக்குத்தான், தாயே!

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆய்வுக்கூடத்துச் சின்னக் குடுவையில் நான் செய்துபார்த்து எழுதிக் கொடுத்த செய்முறைப்படி, உற்பத்திப் பிரிவில் இருந்த நம் அக்கா ஒருவர் பெரிய கலனில் காய்ச்சல் மருந்து செய்தார். வெள்ளைப் படிகம் வரவேண்டிய இடத்தில் பழுப்புப் பிசின் வந்தது. ஒருமுறையா? மும்முறை! செய்முறையைச் சந்தேகித்தோமா? இல்லை. செய்தவரைச் சந்தேகித்தோம்! "அந்தம்மாவுக்குக் கைராசி இல்ல" என்றோம். அவரை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

போகும்முன் என்னிடம் வந்தார்.

"சார், நீங்க எழுதினதுல ஒரு எழுத்துகூட நான் மாத்தலை சார்."

"அப்புறம் எப்படிம்மா கெட்டுச்சு? என் குடுவையில நல்லாத்தானே வந்துச்சு?"

அவர் கையுறைகளைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஆறு மாதம் கழித்து எந்திரம் வந்தது. அதே செய்முறை, எட்டுக் கலன்கள், சூடு ஆறும் நேரம் மட்டும் வேறுவேறு. ஒரு மணி நேரத்துக்குள் ஆறிய மூன்றும் வெள்ளை. அதற்குமேல் இழுத்த ஐந்தும் பழுப்பு! என் சின்னக் குடுவை பத்தே நிமிடத்தில் ஆறிவிடும். பெரிய கலன் ஆற நான்கு மணி நேரம். அத்தனை நேரமும் சூட்டிலேயே கிடந்தால் மருந்து கெடாமல் என்ன செய்யும்? அதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த ஐந்தில் யார் கை பட்டது? அக்கா கையா? என் கையா? எவர் கையும் இல்லை! கெடுத்தது கை அல்ல, நான் எழுதிய தாள்.

செய்முறையைத் திருத்தினேன். அக்காவும் பெரிய கலனுக்குத் திரும்பினார். ஆனால் பழி சொன்னது ஊரறிய, திருத்தியது அறைக்குள்ளே. இது நியாயமா? சாப்பாட்டு அறையில் கைராசிப் பேச்சு இன்னும் ஓயவில்லையே!

அக்கா, மூன்றாம் வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கிறீர்கள். தப்பு என்னுடையது. என்னை மன்னியுங்கள். பாப்பா, உங்க அம்மா ஒரு எழுத்துகூட மாத்தலைம்மா.

இதோ அந்தக் கையுறைகள். மேலாளர் ஐயா அனுமதித்தால், புது எந்திரத்தை இந்த அக்காவே தொடங்கிவைக்கட்டும். தலையாட்டிவிட்டார்! வாருங்கள் அக்கா.

கைராசி பேசியவர்கள் மட்டும் கொஞ்சம் பலமாகக் கைதட்டுங்கள். முதலில் தட்டுகிறவன் நான். காது கொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்!