நூலக அமைச்சருக்கு மிச்சம் நாற்பத்திரண்டு பக்கம்

அவ்வளவுதான் சேர். வரவேற்பு, நூலகத்தின்ர நோக்கம், நன்றி. மூண்டு வசனம்தான் பாடமாக்கித் தந்தவை. அதிபரும் சுலோஜனா டீச்சரும் உங்களுக்குச் சாப்பிட ரோல்ஸ் எடுக்கப் போயிருக்கினம், வரக் கொஞ்ச நேரம் செல்லும். அதுவரைக்கும் நூலகப் போட்டிக்குப் புள்ளி போட நீங்க கேக்கிறதுக்கு நான் மறுமொழி சொல்லோணுமாம். ஆனா கனக்கக் கதைக்கக்கூடாதாம்.

மேனுஜா, சேர். தரம் அஞ்சு. மாணவர் பாராளுமன்றத்தில நூலக அமைச்சர் நான்தான். சிரிக்காதீங்க, வாக்குப் போட்டுத்தான் எடுத்தவை. என்ர கூட்டாளி சசிக்குச் சுகாதாரம் கிடைச்சது. அவள் ஒவ்வொரு நாளும் தண்ணி வாளியெல்லாம் எண்ணி எழுதுறாள், சரியான நடப்பும் பெருமையும். எனக்கு எண்ணுறதுக்கு ஒண்டுமில்ல. கதவு எப்பவும் பூட்டித்தானே கிடக்கு.

ஐயோ, அதைச் சொல்லக்கூடாதெண்டு சொன்னவை.

சரி விடுங்க, வாயால வந்திட்டுது. நீங்க பாத்துக்கொண்டிருக்கிற இரவல் பதிவேடு வடிவா இருக்கல்லோ? அது நானும் சசியும் போன வெள்ளிக்கிழமை எழுதினது. நீலம் அவள், கறுப்பு நான். ஜனவரியில இருந்து ஒக்டோபர் வரைக்கும் ஒரே பின்னேரத்தில எழுதி முடிச்சம், கையெல்லாம் உளைவு. மார்ச் மாதத்தைப் பாருங்க. சசி ஒரே நாளில பதினேழு புத்தகம் எடுத்திருக்கிறாள். அவளுக்குத் தன்ர பேரை எழுதிப் பாக்க நல்ல விருப்பம்.

எது சேர்? மற்றக் கொப்பியில, குறைஞ்ச புத்தகக் கணக்கில, இயற்கை அனர்த்தம் எண்டு கிடக்கிறதோ? இல்ல, வெள்ளமில்ல. அது மான்.

ஓம், மான்தான். நீங்களும் ரோட்டில கண்டிருப்பீங்க. கோட்டைப் பக்கமிருந்து வந்து, கேற் திறந்து கிடந்தா உள்ளுக்குப் பூந்து, நாங்க எறியிற சாப்பாட்டுப் பேப்பரைத் திண்ணும். முந்தி இந்த அறை திறந்துதான் இருந்தது. நான் ரெண்டாம் ஆண்டு படிக்கேக்க ஒரு மான் உந்த யன்னலால தலையை விட்டு, நாங்க இருக்கிற வாங்கில கிடந்த புத்தகத்தைக் கவ்விக்கொண்டு போயிட்டுது. மரக்கறிகளைப் பற்றின புத்தகம். நாங்க துரத்திப் பிடிக்கிறதுக்குள்ள கத்தரிக்காய் வரைக்கும் திண்டு முடிச்சிட்டுது. டீச்சர் உண்மையைத்தான் எழுதினவ. புத்தகம் குறைஞ்ச காரணம், மான் எண்டு. படிவத்தில அப்பிடியொரு காரணம் இல்லையெண்டு கந்தோரில திருப்பி அனுப்பிப் போட்டினம். உங்கட கந்தோர் இல்ல சேர், வேற கந்தோர். பாவம் டீச்சர், மூண்டு கடிதம் எழுதினவ. கடைசியா இயற்கை அனர்த்தம் எண்டு எழுதினாப் பிறகுதான் விட்டவை. அண்டைக்குப் பூட்டினது.

டீச்சரில பிழையில்ல. இன்னொரு புத்தகம் குறைஞ்சாலும் திரும்ப அவதானே கடிதம் எழுதோணும். நானெண்டாலும் பூட்டித்தான் இருப்பன்.

இல்ல சேர், ஒரேயடியாப் பூட்டி வைக்கிறேல்ல. ஆக்கள் வாறதெண்டாத் திறப்பினம். முதல் நாள் தூசு தட்டுறது. பிறகு எங்களை வாங்கில இருத்திப் பழக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிடிக்கிற புத்தகம் தருவினம். பிடிச்ச புத்தகம் இல்ல, பிடிக்கிற புத்தகம். நெஞ்சுக்கு நேர பிடிச்சு, கண்ணைக் கீழ விட்டு, மனசுக்குள்ள நூறு எண்ணிப்போட்டு ஒரு பக்கம் தட்டோணும். துறைமுகத்தில கப்பல் ஊதினா எண்ணிக்கை குழம்பிடும், எல்லாரும் ஒண்டாத் தட்டிப்போடுவம். சசி ஒருநாள் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டிருந்து நல்ல பேச்சு வாங்கினவள்.

என்ர இதுதான். கடலுக்குள்ள போன தபால்காரர். பிடிச்சுப் பாருங்க, பாரமில்ல.

மூண்டாம் ஆண்டில, புத்தகம் அன்பளிப்புச் செய்த ஆக்கள் வந்தவை. அண்டைக்கு ஒன்பது பக்கம் வாசிச்சனான். நாலாம் ஆண்டில ஆரோ பெரிய ஆள் வந்தவர். அவர் நிண்ட நிலையிலயே போயிட்டார், நாலு பக்கம்தான். ஆனா இந்த முறை போட்டியெண்டபடியா, உங்களுக்காக மூண்டு கிழமை பழக்கினவை சேர். நாப்பத்தொன்பது பக்கம். நான் நூறு எண்ணுறேல்ல, வாசிச்சு முடிய முடியத் தட்டினன். அதில கனக்கப் பக்கம் ஒண்டோடொண்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான்தான் பிரிச்சனான். எனக்கு முதல் ஒருத்தரும் வாசிக்கேல்ல.

கதையோ? கடல் நடுவில ஒரு பாறை, அதில ஒரு வெளிச்சவீடு, அதுக்குள்ள தனிய ஒரு ஆள். அவருக்குப் பதினொரு வருசமா ஒரு கடிதமும் வரேல்ல. ஒருநாள் வருது. தபால்காரர் சைக்கிளைக் கரையில விட்டிட்டு வள்ளத்தில வெளிக்கிடுறார். பாதி வழியில எஞ்சின் நிண்டிட்டுது. வள்ளத்துக்குள்ள தண்ணி வருது. அவர் கடிதத்தைத் தொப்பிக்குள்ள வச்சு, தொப்பியை இறுக்கிப் போட்டுக்கொண்டு எழும்பி நிக்கிறார். அந்த இடத்தில மணி அடிச்சிட்டுது சேர். அறுபத்திரண்டாம் பக்கம்.

ராவு சோறும் இறங்கேல்ல. அப்பாட்டக் கேட்டன், அவர் துறைமுகத்தில கப்பலை இழுக்கிற இழுவைப் படகில வேலை. எஞ்சின் நிண்டா முதல்ல நங்கூரத்தைப் போடோணும், அந்த ஆளுக்கு ஒரு இழவும் தெரியாது எண்டார். அவருக்குக் கதை விளங்கேல்ல. டீச்சரிட்டக் கேட்டன். முடிவு நல்லாத்தான் இருக்கும், நீ முதுகை நிமித்தி இரு எண்டா.

களவா வீட்ட கொண்டு போறதோ? என்ன சேர் நீங்க. நான் அமைச்சரல்லோ.

வேண்டாம் சேர், டீச்சரிட்ட நீங்க சொல்லவும் வேண்டாம். சொன்னா ஓம் ஓம் எண்டுவினம். உங்கட வாகனம் கேற்றைத் தாண்ட முதல் பூட்டு விழுந்திடும். பிறகு அடுத்த வருசம்தான் ஆரும் வருவினம். நான் அப்ப இஞ்ச இல்லையே. இந்தப் பள்ளிக்கூடம் அஞ்சாம் ஆண்டு வரைக்கும்தானே, வருசக் கடைசியோட நான் வேற பள்ளிக்கூடம். வேற ஒரு பிள்ளை இதைப் பிடிச்சுக்கொண்டு நூறு எண்ணப் போகுது. அதை நினைச்சா எனக்கு அழுகை வருது, சும்மா சொல்லேல்ல.

ஆனா ஒரு வழி இருக்கு. சசி சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன தவணை எங்கட கன்ரீனைப் பாக்கச் சுகாதாரப் பரிசோதகர் வந்தவர். சாப்பாட்டில மொய்ச்ச ரெண்டு இலையானைக் கண்டவர், புள்ளியைக் குறைச்சுப் போட்டு, ஒரு மாதத்தால திரும்ப வந்து பாப்பன் எண்டு எழுதிப்போட்டுப் போயிட்டார். அந்த ஒரு மாதம் கன்ரீனை நீங்க பாத்திருக்கோணும் சேர். மேசைக்கு விரிப்பு, கை கழுவச் சவுக்காரம். முட்டைப் பணிசுக்குள்ள முட்டை இருந்தது. பிறகு அவர் வந்து, நல்லம் எண்டு கையெழுத்து வச்சார். அடுத்த நாள் முட்டை இல்ல.

எங்களுக்கு முதலாமிடம் தராதீங்க சேர். தந்தா கேடயத்தையும் அந்த அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிப்போடுவினம். பதிவேடு நீலத்தில கிடக்கு, கறுப்பில கிடக்கு, சசி பதினேழு புத்தகம் எடுத்திருக்கிறாள், என்னத்தையாவது பிழையெண்டு சொல்லிப் புள்ளியைக் குறைச்சு விடுங்க. ஒரு மாதத்தால திரும்ப வருவன் எண்டு மட்டும் கீழ எழுதுங்க. உண்மையா வரோணுமெண்டு இல்ல, எழுதினாக் காணும். எனக்கு மூண்டு கிழமை போதும், நாப்பத்திரண்டு பக்கம்தானே. மிச்ச நாளில சசியும் வாசிக்கட்டும், அவளுக்கு நான் எழுத்துக்கூட்டிக் குடுப்பன்.

செருப்புச் சத்தம் கேக்குது, டீச்சர் வாறா. முகத்தைக் கொஞ்சம் கோவமா வச்சிருங்க சேர்.