மேல் தண்ணி

— தள்ளி உக்காரு தஹ்மினா, சைக்கிள் வேன் பலகை ஆணி தொடையில குத்துது. ஆமா, அந்தப் பேப்பர்ல நம்ம குளத்துத் தண்ணி நல்ல தண்ணின்னா எழுதி வச்சிருக்கே?

— நானா எழுதல அண்ணி, மீட்டர் காட்டுச்சு. பள்ளிக்கூடத்து சயின்ஸ் மீட்டர். கட்டாகாலி ஊர்க் குளம், உப்பு கம்மி. இன்னிக்கு தண்ணித் தொட்டி தர்ற ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் வாசிக்கணும்.

— உன் மீட்டர் வந்து என் காலைப் பாக்கட்டும், கேட்டியா. செருப்பு நுழையல. பகல் பூரா நண்டுப் பண்ணையில பெட்டிங்களுக்கு நடுவுல உப்புத் தண்ணில நிக்கிறேன், வீட்டுக்கு வந்தா குடிக்கிறதும் உப்பு. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடக்குன்னு நர்ஸ் திட்டறா.

— அதான் எனக்கும் புரியல.

— பாட்டிலை எப்படி முக்கினே?

— முக்கல. படியில குந்தி, மேலாக மொண்டேன். குடத்துல மொள்ற மாதிரிதான்.

— குடத்துல மொள்ற மாதிரியா?

— கலக்கினா நீங்கதானே கையில அடிப்பீங்க? புயல்ல புகுந்த கடல் தண்ணி அடியில கிடக்கு, மழைத் தண்ணி மேல மிதக்குதுன்னு சொல்லிச் சொல்லி…

— ஏன் நிறுத்திட்டே?

— அண்ணி, நான் மழைத் தண்ணிய அளந்துட்டேன்.

— ஏடி கழுதை. எப்ப அளந்தே?

— மழை விட்ட கையோட.

— அந்த மேல் தண்ணி வெயில் ஏறினா வத்திடும். அப்புறம் வருசத்துல பாதி, அடியில கிடக்கறதத்தானே குடிக்கிறோம். சரி, வீட்டுக்கு வீடு மழைத் தண்ணித் தொட்டி தர்றோம்னாங்களே, அது?

— ஒரு ஊருக்குத்தான் இருக்காம். என் அளவைப் பாத்துத்தான் முடிவு பண்றாங்க. நம்ம ஊர் இல்லைன்னு ஆயிடுச்சு.

— அப்ப போனதும் எந்திரிச்சு, தப்பா அளந்துட்டேன்னு சொல்லு.

— அளந்ததுக்குப் பரிசு தர்றாங்க அண்ணி. ஹெட்மாஸ்டர் வேற வந்திருப்பாரு.

— என்ன பரிசு?

— சுவர்க் கடிகாரம்னாங்க.

— அதைக் கரைச்சுக் குடிக்கப் போறியா? வெக்கமா இருந்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டுச் சொல்லு.

— சரி, சொல்றேன். தொட்டி எந்த ஊருக்குப் போகுதுன்னு நீங்க கேக்கவே இல்லியே.

— எந்த ஊரா இருந்தா எனக்கென்ன?

— சோனாமுகி.

— அக்கரையா? எங்க அம்மா ஊரா?

— ஆமா. அங்க மீட்டர் உச்சத்துக்குப் போச்சு.

— அங்க எவ அளந்தா?

— நான்தான். படகுல போயிருந்தேன். உங்கம்மா பொரியும் வெல்லமும் குடுத்தாங்க.

— அங்கேயும் மேலாகத்தான் மொண்டியா?

— இல்ல. படி இடிஞ்சு கிடந்துச்சு, இறங்க முடியல. பாட்டில்ல கல்லைக் கட்டிக் கயித்துல எறிஞ்சேன். சின்ன வாய் பாட்டில், அடியில போய்க் கிடந்துதான் ரொம்புச்சு.

— அப்ப ரெண்டு குளமும் ஒண்ணுதான்.

— ஒண்ணாத்தான் இருக்கும். மறுபடி ரெண்டையும் ஒரே மாதிரி அளக்கணும். அண்ணி, ஆபீஸ் வந்துடுச்சு. எந்திரிச்சதும் சொல்லிடறேன்.

— இரு.

— என்ன அண்ணி?

— அம்மாவுக்கு முழங்கால் போச்சு. நல்ல தண்ணிக்காகப் பக்கத்து ஊருக்குப் போய்க் குடத்தோட கரைச் சேத்துல விழுந்தா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எனக்குச் சேதி வந்துச்சு.

— நீங்கதானே இப்ப சொல்லச் சொன்னீங்க? உங்க வயித்துல இருக்கற புள்ளைக்கு என்ன பதில்?

— அதுக்கு நான் இருக்கேன். அவளுக்கு அங்க யாரு இருக்கா? எழுதினதையே வாசி, தஹ்மினா.