ஸுஹைப் ஹஸ்ரத்தின் வாசலில் நிற்பவர்

பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவரும் இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவருமான ஜபார் ஹாஜியார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் உலமாக்களே, எங்கள் பங்குத்தந்தை அவர்களே, ஆலங்குடாவின் பெரியோர்களே, கரைத்தீவிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

என் பெயர் மக்தலேனா. ஊர் சிலாபம். உங்கள் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். உங்களுக்கு நான் மிஸ்ஸி. என்னை வீதியில் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். மிஸ்ஸியோடு நின்று கதைத்தால் வீட்டில் யாருக்கு வருத்தம் என்று ஊர் கேட்கும் என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இன்றைக்கு நானும் பயந்துபோய்த்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

பேசுவதற்காக எழுதிக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தம்பிமார் சிலர் கதைத்தது காதில் விழுந்தது. "கூட்டம் முடிஞ்ச கையோட பொலிசுக்குப் போவம். இண்டைக்கே அந்த சுத்தாவ ஏத்தி அனுப்பணும்" என்றார்கள். சுத்தா, வெள்ளைக்காரன், என்று அவர்கள் சொன்னது மாரெக்கை. மர்ஹூம் ஸுஹைப் ஹஸ்ரத் அவர்களின் தென்னந்தோட்டத்து அறையில் இத்தனை மாதமாக இருந்துவரும் போலந்து நாட்டு மனிதரை. அதைக் கேட்டதும் எழுதியதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். என் பேச்சு கோர்வையாக இராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த ஸுஹைப் ஹஸ்ரத்? மதரஸாவில் உங்கள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர் என்று முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மை. நிக்காஹ் மேடையில் நகைச்சுவையாகப் பேசி மாப்பிள்ளையின் நடுக்கத்தைத் தீர்த்தவர் என்றார்கள். அதுவும் உண்மை. ஆனால் எனக்கு அவர் யார்? சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் சண்டை பிடிக்கப் போய், சண்டை பிடிக்காமல் திரும்பி வந்த ஒரே மனிதர் அவர்.

நான் கோபக்காரி. கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். இந்தக் கரைக்கு நான் மாற்றலாகி வந்த புதிதில், நன்றாகச் சுகப்பட்டு வந்தவர்கள் திடீரென்று கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். வீடு தேடிப் போனால், "ஹஸ்ரத் தண்ணி ஓதித் தந்தாரு, இனி மருந்துக் குளிச வேணாம்" என்பார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாள் பொறுக்க முடியாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றபடியே ஏசத் தொடங்கினேன்.

அவர் ஒரு கதிரையை எடுத்து நிழலில் போட்டார். "இரிங்க மிஸ்ஸி. தேத்தண்ணி குடிச்சிட்டு ஏசுங்க, தொண்டை காஞ்சிடும்" என்றார். தேத்தண்ணீர் வந்தது. நான் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் குளிசைய எதோட முழுங்குறாங்க?"

"தண்ணியோடதான்."

"அப்ப அந்தத் தண்ணிய நான் ஓதித் தாறன். குளிசைய நீங்க குடுங்க."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்தார். தண்ணீர் ஓத யார் போத்தலோடு வந்தாலும், "மருந்து எங்க?" என்று கேட்பார். மருந்து இல்லாவிட்டால் முதலில் கிளினிக், பிறகுதான் போத்தல். ஹஸ்ரத்துக்கு ஈமான் குறைந்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. வேறு ஆளிடம் போனவர்களும் உண்டு. அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "துஆவும் கேப்பம், டொக்டரையும் கேப்பம். ரெண்டு எடத்துலயும் வெக்கப்படத் தேவல்ல." அந்த ஒரு வழக்கத்தால் எத்தனை பேர் இன்று கடலுக்குப் போகிறார்கள், உப்பளத்தில் வேலை செய்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களே அறிவார்கள்.

அன்பானவர்களே, இந்தக் கரையில் ஒரே நோய்க்கு நாம் இரண்டு பெயர் வைத்திருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் ஜின் என்கிறோம்; என் சனங்கள் பேய் என்கிறார்கள். கதவைப் பூட்டுகிறோம். தங்கைக்குக் கலியாணம் முடியும்வரை வெளியில் தெரியக் கூடாது என்கிறோம். ஜன்னலால் சாப்பாட்டுப் பீங்கான் உள்ளே போகிற வீடுகள் எனக்குத் தெரியும். அவற்றின் அயலவர்களுக்கும் தெரியும். அதே நோய் வெளிநாட்டவருக்கு வந்தால் என்ன சொல்கிறோம்? வெள்ளைக்காரன் என்றால் அப்படித்தான் என்கிறோம். நம்மவருக்கு வந்தால் வெட்கம், அந்நியருக்கு வந்தால் வேடிக்கை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதில்லை.

மாரெக் இங்கே காற்றுப் பட்டம் ஓடும் பருவத்தில் வந்தார். மற்ற உல்லாசப் பயணிகள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் ஓட, இவர் உச்சி வெயிலில் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நிற்பார். நாம் என்ன நினைத்தோம்? யோகா என்று நினைத்தோம். "சுத்தா யோகா செய்றாரு" என்று கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் மற்ற விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள். பிள்ளைகள் பக்கத்தில் போய் நின்று அவரைப் போலவே நின்று பார்த்தார்கள். நல்ல மனதோடு ஒருவர் தினமும் இளநீர்க் குரும்பை வெட்டிக் கொடுத்தார். பட்டக் காலம் முடிந்து எல்லோரும் போனார்கள். இவர் நின்றார்.

அந்த வழியால் யாரோ மரித்த ஒரு மையத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஹஸ்ரத் நின்று பார்த்தார். உதடு வெடித்திருந்தது. தோள் தோல் கழன்றிருந்தது. வாய் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "ஒங்கட மகன் இப்பிடி நிண்டா போட்டோ எடுப்பீங்களா?" என்று கேட்டார். அவர் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டோம் என்று அங்கே நின்றவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். வேட்டியோடு தண்ணீரில் இறங்கிக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

டொக்டர் பார்த்தார். சில நாட்கள் வார்டில் வைத்தோம். ஊசி போட முடிந்தது. அவர் கையால் ஒரு குளிசை வாங்க வைக்க எங்களால் முடியவில்லை. பொறுப்பெடுக்க யாராவது இருந்தால் வெளியில் வைத்துப் பார்க்கலாம் என்றார் டொக்டர். ஹஸ்ரத் பொறுப்பெடுத்தார். பொலிசுக்குச் சொன்னார், தூதரகத்துக்குச் சொன்னார், அவருடைய அக்காவைத் தேடிப்பிடிக்கச் செய்தார்.

அந்த அக்காவோடு நான் தொலைபேசியில் பேசினேன். அவர் சம்மதித்ததால்தான் இதைச் சொல்கிறேன். இங்கே வருவதற்கு முன் மாரெக் தாய்லாந்தில் ஒரு தீவில் இருந்தாராம். அங்கேயும் கடற்கரைச் சனங்கள் நல்லவர்கள். சிரித்தார்கள், சோறு கொடுத்தார்கள், வெளிநாட்டுக்காரர் இப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் அவர் ஒரு கடைக்குள் போய்க் கத்தினார். யாரோ படம் பிடித்தார்கள். அது கைத்தொலைபேசிகளில் ஓடியது. கெட்ட வெளிநாட்டான், துரத்துங்கள் என்று எழுதினார்கள். விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். "சிரித்தவர்களிலும் திட்டியவர்களிலும் ஒருவராவது இவனுக்குச் சுகமில்லையா என்று கேட்கவில்லை" என்று சொல்லி அந்த அக்கா அழுதார். அடுத்த கிழமை அவர் தம்பியைக் கூட்டிப்போக இங்கே வருகிறார்.

அடுத்த கிழமை. அதற்கிடையில்தான் நம் ஹஸ்ரத் போய்விட்டார். அஸர் தொழுதுவிட்டு வந்து, நெஞ்சு எரிகிறது என்று சாய்ந்தவர் எழும்பவில்லை.

அவர் துணைவியார் சித்தி மரியம், அக்காவைத் தாத்தா என்னும் உங்கள் வழக்கில் எனக்கும் தாத்தா, கணவரை இழந்து இத்தாவில் இருக்கிறார். அந்நிய ஆண் எவரும் அந்த வாசலுக்கு வரக் கூடாத காலம். காலையும் மாலையும் குசினிக் கதவடியில் வந்து மருந்து குடித்துவந்த மாரெக்குக்கு இதை யார் விளங்கப்படுத்துவது? ஜனாஸாவுக்குப் பின்னால் கடைசி வரிசையில் நடந்தார். அடக்கம் செய்யும் மையவாடி வாசலில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து மருந்து இல்லை. ஹஸ்ரத்தின் வாசல் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார். பதில் வராததால் கத்தினார். நேற்று முன்தினம் ஹஸ்மி தம்பியின் வேன் கண்ணாடியை அடித்து உடைத்தார். அதைப் படம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படம் இப்போது உங்கள் கைகளில் இருக்கிறது. நமக்கு அவர் சிரித்தால் விருந்தாளி, கத்தினால் வெளிநாட்டான். தாய்லாந்துத் தீவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஹஸ்மி தம்பி, நீங்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. வேன் உங்கள் பிழைப்பு. உள்ளே உங்கள் பிள்ளைகள் இருந்தார்கள். பயப்பட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தில்லாமல் இன்னும் சில நாள் போனால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது. பொலிஸ் என்ன செய்யும்? முறைப்பாடு போனால் பிடிக்கத்தான் வேண்டும். பிடித்தால் அவரை எங்கே வைப்பார்கள், அக்கா வந்து எங்கே தேடுவார்? நேற்றிரவு முழுக்க இதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

நேற்று மாலை சித்தி மரியம் தாத்தாவைப் பார்க்கப் போனேன். பெண் என்பதால் உள்ளே போக முடிந்தது. அவரிடம் ஒன்றைக் கேட்டேன். ஹஸ்ரத்தின் ஓதலுக்கு வெள்ளைக்காரனே அடங்கிவிட்டான் என்று நாம் எல்லோரும் பெருமையாகச் சொன்னோம் அல்லவா? நானும் நம்பினேன். "ஓதின தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா தாத்தா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஹஸ்ரத் அந்தாளுக்கு ஓதினதே இல்ல மிஸ்ஸி. அவருட வேதம் வேற, கேக்காம ஓதப்படாது எண்டு செல்லுவாரு. தண்ணியில நஞ்சு கலந்து தாறாங்க எண்டு அந்தாளுக்குப் பயம். அதுக்காக முதல் முடற இவரு குடிப்பாரு. பொறகு அதே கோப்பைய அவருட கையில குடுப்பாரு. அவ்வளவுதான்."

சபையோரே, நாம் அந்த மனிதருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தோம். குடித்ததும் எறிந்துவிடக்கூடிய கப்பில் கொடுத்தோம். நானும் வார்டில் அதில்தான் கொடுத்தேன். அவர் வாய் வைத்த கோப்பையில் யாராவது வாய் வைத்தோமா? இந்த ஊரில் மதிப்பும் வயதும் உள்ள ஒரு மார்க்க அறிஞர் தினமும் இரண்டு வேளை வைத்தார். யாரிடமும் சொல்லவுமில்லை. நாம் அதற்கு அற்புதம் என்று பெயர் வைத்துவிட்டு, அவர் போனதும் இனி யாரால் முடியும் என்று கையை விரிக்கிறோம்.

இரவு கன்னியர் மடத்தில் தங்கினேன். இன்று காலை ஒரு கோப்பையோடு போனேன். படலைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஒரு மிடறு குடித்தேன். கோப்பையை நீட்டினேன். நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குளிசையை வாங்கி விழுங்கினார்.

இனி அவருக்கு வேண்டியது ஓர் அறை, அடுத்த கிழமை வரைக்கும். காலையும் மாலையும் ஒரு மிடறு. பங்குத்தந்தை கோவில் வளவில் அறை தருவதாகச் சற்று முன் என் காதில் சொன்னார், அவருக்கு நன்றி. கோவில் வளவுக்கு அவரை யார் கூட்டிப்போவது, யார் காவல் இருப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஏனென்றால் அவருக்குத் தெரிந்த முகங்கள் உங்கள் முகங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஹஸ்ரத்தின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொன்னார்கள். நீங்கள் ஆமீன் சொன்னீர்கள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆமீன் கேட்டது. நானும் உறுதி சொல்கிறேன்: கிளினிக் உள்ள நாளெல்லாம் இந்தக் கரைக்கு வருவேன், கதவு பூட்டிய வீடுகளைத் தட்டுவேன், நீங்கள் முகத்தைத் திருப்பினாலும் வருவேன். ஆனால் இன்றிரவு கடைசி பஸ்ஸில் நான் சிலாபத்துக்குப் போயாக வேண்டும்.

மாரெக் இப்போது இந்த மண்டபத்துக்கு வெளியே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஹஸ்ரத்தின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டு வந்திருக்க வேண்டும். மாலைக் குளிசை என் பையில் இருக்கிறது. நான் மேடையை விட்டு இறங்கி, இதோ தலைவருக்கு முன்னால் இருக்கும் இந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன். குளிசையை நான் கொடுப்பேன். முதல் மிடறை நான் குடிக்க மாட்டேன். நாளைக்கும் மறுநாளும் இங்கே இருக்கப் போகிற ஒருவர் குடிக்க வேண்டும். என்னோடு எழுந்து வருபவர் யார்?