எருமைக்குப் போன சத்து

ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலோரத்தில் இருந்த, கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடிக்காரி, "எம் வீட்டுக்காரரு தெனமும் கொய்யா ஜூஸ் குடிச்சாருங்கக்கா, சத்தெல்லாம் எங்க எருமைக்குப் போயிருச்சு" என்றாள். நான் காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"அதெப்படித்தா?" என்றாள் மற்றவள்.

"அரைச்சு வடிகட்டி, சாறை இவரு குடிப்பாருங்க. சக்கைய எருமை திங்கும். எருமை நல்லாத்தான் இருக்குது. இவருக்குச் சக்கரை ஏறி, கால் விரல்ல வந்த புண்ணு ஆற மாட்டேங்குது."

"நம்ம தோட்டத்துப் பழம் ஆகாதாக்கும்?"

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். சந்தைக்கு ஆகாத பழத்த வீணாக்கக் கூடாதுன்னு ஒரு டம்ளருக்கு ஆறு பழம் போட்டேன். டாக்டரு ஜூஸே கூடாது, சக்கையோட ஒரு பழத்தக் கடிச்சுத் தின்னாப் போதும்னுட்டாரு. இப்படியே விட்டா விரலை எடுக்கணுமாமுங்க."

"பெறகென்ன, கடிச்சுத் திங்கச் சொல்லு."

"வாயில ஒரு பல்லுகூட இல்லீங்களே."

"அதுக்கு இப்ப ஆசுபத்திரிக்கா போறீக?"

"பல்லு கட்டுறவருகிட்டங்க. போன வாரமே அளவு குடுத்தாச்சு. இன்னைக்கு மாட்டி விடுவாரு."

அவர்களுக்கு முன்னால் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பாமலே கேட்டார்: "ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சிட்டியா? பையில கொய்யா எடுத்து வச்சியா இல்லியா?"

"ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கேனுங்க" என்றாள் அவள்.