தோல் முட்டைக்குக் கேட்ட கிளிஞ்சல்

10.03.2025 திங்கள், மாலை 4.30 மணி. போலீஸ் விசாரணையில் எழுதிக்கொண்ட வாக்குமூலம். சொல்பவர்: கங்காதரன், வயது 46, த/பெ ராமன், நடுத்தெரு, கீழ்க்குப்பம், பழவேற்காடு, பொன்னேரி வட்டம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் படகைக் கரையேற்றும்போது வலது கால் நசுங்கியதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. என் மனைவி இளவரசி (41) ஏரியில் இறங்கிக் கையால் எறா (இறால்) பிடித்து விற்று வந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் ஏழு பெட்டைக் கோழிகள் உள்ளன. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

சென்ற மாதக் கடைசியிலிருந்து மூன்று கோழிகள் ஓடில்லாமல் தோல் முட்டையாக இட்டன. அதன் பிறகு சாம்பல் கோழிக்கு முட்டை வெளியே வராமல் அடைத்து, இரண்டு நாள் இரையெடுக்காமல் உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை காலை அதை வெந்நீரில் உட்காரவைத்து, என் மனைவி விளக்கெண்ணெய் தடவி முட்டையை எடுத்தாள். ஓடில்லாத அந்த முட்டை அவள் உள்ளங்கையில் ஆடிக்கொண்டிருந்தது. தூக்கிப்போடாமல் ஒரு கிண்ணத்தில் வைத்தாள். அதன் பிறகு நான் கோழியைக் கூடையில் வைத்து பஸ்ஸில் திருப்பாலைவனம் கொண்டுபோய் மாட்டு டாக்டரிடம் காட்டினேன். சுண்ணாம்புச் சத்து போதவில்லை, கிளிஞ்சலை இடித்துத் தீனியில் கலந்து போடு என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "கடைக்கெல்லாம் போவாத, எறாவுக்குப் போறப்போ நானே அள்ளியாறேன்" என்றாள்.

இன்று காலை ஆறு மணிக்கு என் மனைவியும் பக்கத்து வீட்டு மோகனப்பிரியாவும் (27) ஏரிக்குப் போனார்கள். அங்கே நடந்ததை மோகனப்பிரியா சொல்லித் தெரிந்துகொண்டேன். பத்து மணிக்கு இருவரும் கரைக்குத் திரும்பும்போது, முன்பு யாரோ கிளிஞ்சல் தோண்டிய பக்கமாக என் மனைவி போயிருக்கிறாள். "போதும், வாக்கா, வெயில் ஏறுது" என்று மோகனப்பிரியா கூப்பிட்டதற்கு, "அவரு கேட்டாரு, ரெண்டு புடிதான்" என்றிருக்கிறாள். இடுப்பளவுத் தண்ணீரில் பையை நிரப்பிய பிறகு ஓரடி வைத்தவள் பள்ளத்தில் இறங்கிவிட்டாள். மோகனப்பிரியா கத்தியதும், வலை வீசிக்கொண்டிருந்த சரவணன் ஓடிவந்து மூழ்கித் தேடித் தூக்கினார். அதற்குள் நேரமாகிவிட்டது.

பத்தரை மணிக்கு என் தம்பி சிவசங்கர் வந்து, "அண்ணி தண்ணில மாட்டிக்கினாங்கண்ணா, வா" என்றான். நான் சட்டை போட்டு, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன். அவளைக் கரையில் படுக்கவைத்திருந்தார்கள். கிளிஞ்சல் பை இடுப்பிலேயே இருந்தது. முடிச்சு நனைந்து இறுகியிருந்ததால் பல்லால் அவிழ்த்தேன். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. என்னையும் ஏறச் சொன்னார்கள். மாற்றுப் புடவை எடுத்து வருகிறேன் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டேன். பொன்னேரி ஆஸ்பத்திரியில் பார்த்து, உயிர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கிளிஞ்சல் எங்கே என்று தாங்கள் கேட்டீர்கள். இடித்துக் கோழிகளுக்குப் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் புடவையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பொன்னேரி போனேன்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவள் சாவில் யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. கிளிஞ்சல் கேட்டது நான். அது தேவையில்லை என்று தாங்கள் சொன்ன பிறகும், அதையும் எழுதச் சொன்னது நான்தான்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) ரா. கங்காதரன்