ஆறாவது பானை

— அஞ்சு பானையத் தட்டித் தள்ளிட்டு ஆறாவதத்தான் எடுத்தீங்க. எனக்கு ஒரு கீறலும் தெரியலயே?

— சத்தம் சரியில்ல கருப்பம்மா. சாயோங் வரைக்கும் மாட்டு வண்டி கட்டி வந்து, ஓட்டப் பானையா வாங்குறது?

— பானை செய்யிற மலாய்க்காரம்மாவே 'பண்டாய், பண்டாய்'னு சிரிச்சுச்சு. கெட்டிக்காரனாம்.

— எல்லாரும் தட்டிப் பாக்குறதுதான்லா. மாட்ட வெரட்டுறேன், இரு. வெளிச்சத்தோட தோட்டத்துக்குப் போயிரலாம்.

— மெதுவாப் போங்க. அந்தம்மாவோட சுடாத பச்சப் பானை ஒண்ணு கழுத்து கோணிக் கெடந்துச்சே, ரெண்டு வெரல உள்ள விட்டு நிமித்திட்டீங்க. வெள்ளாள வீட்டுப் புள்ள, கலப்பை பிடிச்ச கையின்னுதானே எங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டீங்க?

— ஊர்ல செய்யிறதப் பாத்திருக்கேன்.

— பாத்தது வாய்க்கு வரும். கைக்கு வராதுங்க.

— சரி, விடு.

— விட மாட்டேன். ஏன் வண்டிய நிறுத்திட்டீங்க?

— நான் கொசவன் புள்ள. மண்ணு மிதிச்ச குடும்பம். வெள்ளக்காரன் சண்டை முடிஞ்ச வருசம் பினாங்குல எறங்குனேன். அங்க பேரு எழுதுறவரு சாதி கேட்டாரு, வெள்ளாளன்னு வாய்ல வந்துருச்சு. கடல் தாண்டியாச்சு, யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன். அப்புறம் கங்காணி வேல, ஒங்கப்பா, நீ... சொன்னத திருப்பி எடுக்க முடியல. ஒன் மூஞ்சியப் பாக்கவே கூசுது புள்ள.

— நான் சாதியக் கேக்கல. மாயாண்டியக் கேக்குறேன்.

— எந்த மாயாண்டி?

— முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க. போன மாசம் நம்ம லயத்துக்கு வந்தாரே. 'எங்க வீட்டுல மண்ணு சொமந்த ஆளு, பின்னால ஒக்கார வச்சுக் கஞ்சி ஊத்து'ன்னீங்களே. அவருக்கும் ஒங்கள மாதிரியே கட்டை வெரல் வெளிய வளைஞ்சிருக்கு.

— என் தம்பி. கூடப் பொறந்தவன்.

— நெனச்சேன்.

— கப்பலேறி என்னயத் தேடி வந்தான். உடையப்பன் கங்காணின்னு தலப்பா கட்டிக்கிட்டு நாலு பேருகூட நிக்கிறேன். தம்பின்னா அன்னைக்கே எல்லாம் நாறிப் போயிருக்கும். ஆளுன்னு சொன்னேன். அவன் என்னயப் பாத்து, 'கும்பிடுறேன் கங்காணியாரே'ன்னான் புள்ள. நான் மனுசனே இல்ல.

— இப்ப எங்க இருக்காரு?

— கோப்பெங்ல, ஈயம் தோண்டுற லம்பத்துல மண்ணு வெட்டுறானாம்.

— வண்டிய அங்க விடுங்க. இந்தப் பானை அவருக்கு.

— ரெண்டு நாள் ஆகும்லா. ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஒன்னய இழுத்துக்கிட்டுப் போயிருவாரு.

— வரட்டும், நான் பேசிக்கிறேன். நீங்க அவர நாலு பேரு முன்னால தம்பின்னு கூப்புடணும். கூப்புடுவீங்களா?

— கூப்புடுறேன். நீ ஏன் அழுவுற? தப்பு பண்ணுனவன் நானு.

— நான் செஞ்சது ஒங்களுக்குத் தெரியாது. நாய்க்கு வைக்கிற மங்குலதான் கஞ்சி ஊத்துனேன். குடிச்சிட்டு, கழுவிக் கவுத்து வச்சிட்டு, 'வாரேன் அண்ணி'ன்னாரு. யாருக்குடா நான் அண்ணின்னு வெளக்கமாத்தால அடிச்சேங்க. அவரு வாயத் தொறக்காம வாங்கிக்கிட்டாரு.