ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பலகைக்கல்

இந்த அதிர்வுங்கற வார்த்தைய எங்கூட்டுக்குள்ள கொண்டாந்ததே என்ற தம்பி மவன் தரணீதரன்தானுங்க. தைப்பூசத்தன்னிக்கு வந்தவன் சாப்பிட்டமா போனமான்னு இருக்கோணுமில்லீங்க? "மாமா, கீழ நிட்டிங் மிசின் ஓடுது. மேல ஆம்ப்ளிஃபயரை வெறும் மேசையில வெச்சிருக்கீங்களே, அதிர்வு ஏறி பாட்டைக் கெடுக்குமே"ன்னான். முருகா! அன்னிக்குப் புடிச்சதுங்க எங்க ஊட்டுக்காரருக்கு...

நீங்க வேலையப் பாருங்க லிங்கசாமியண்ணா. நந்திக்குக் கொம்பு வையுங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன். பூண்டிக் கோயிலுக்கு வந்தேன், அப்படியே உங்க பட்டறைய எட்டிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயருக்கு அடியில வெக்கறதுக்குன்னு எங்க ஊட்டுக்காரரு பலகைக்கல்லுக்கு அளவு குடுத்துட்டுப் போனாராமே? சாமி செதுக்கற எடத்துல பாட்டுப் பெட்டிக்குக் கல்லான்னு சிரிச்சிருப்பீங்க. எனக்குச் சிரிப்பே வரலீங்க.

மொதல்ல ரப்பர் குமிழுங்க, பெட்டிக்கு நாலு மூலைக்கும். வெச்சுட்டு என்னைய எதுத்தாப்ல உக்கார வெச்சு, "சாரதாமணி, கண்ணை மூடிட்டுக் கேளு. இப்ப எப்படி?"ன்னாரு. எனக்கு முன்னயும் ஒண்ணுதான், பின்னயும் ஒண்ணுதான். அந்த மொகத்தைப் பார்த்துட்டு எப்படீங்க சொல்றது? "நல்லாருக்குதுங்க"ன்னேன். "உனக்கே தெரியுதா! அப்ப இன்னும் ஒசத்தியாப் போட்டா எனக்கும் தெரியும்"னு ஸ்பிரிங் வெச்ச காலு வாங்கியாந்தாரு. பெட்டி தூளியாட்டம் ஆடுச்சுங்க. அப்பறம் தராசு வந்துச்சு. டிரான்ஸ்பார்மர் மூலை கனமாம், அங்க கெட்டி ரப்பராம், வால்வுப் பக்கம் மெத்துனு இருக்கோணுமாம். எடைக்குத் தக்கன போடலைன்னா அதிர்வு அப்படியே ஏறிக்குமாம்... ஒவ்வொண்ணுக்கும் "இப்ப எப்படி?" ஒவ்வொண்ணுக்கும் நான், "இன்னும் நல்லாருக்குதுங்க". சொல்லிட்டுச் சாமி ரூமுல போயி கன்னத்துல போட்டுக்குவேன்.

என்ற கிரைண்டர் இப்ப மொட்டைமாடியில கெடக்குதுங்க, அதுவும் அதிர்வாம்! அதாச்சும் போவுது. கீழ வாடகைக்கு மிசின் ஓட்டறாரே மாதவன், சாத்தூர்க்காரரு, பொண்டாட்டி புள்ளையோட இப்பத்தான் கொஞ்சம் நிமுந்திருக்காரு. கல்லு வெச்சும் செரியாவலைன்னா அவரைக் காலி பண்ணச் சொல்லப் போறாராமுங்க! வெளக்கேத்தறப்ப அதே நெனப்புத்தான். மொதல் நாளே "ஒரு வித்தியாசமும் தெரியலீங்க"ன்னு நான் சொல்லியிருந்தா இத்தனை தூரம் வந்திருக்குமுங்களா?

ஆம்ப்ளிஃபயர் நல்லாத்தான் பாடுதுங்க அண்ணா. பேத்தி வர்ஷினி போன்ல பேசுனாக்கூட, சிக்னல் செரியில்லைன்னு எங்கையில குடுத்துர்றாரு. "அப்புச்சி எங்கிட்டப் பேசவே மாட்டேங்கறாரு"ன்னு அது அழுவுது. சிக்னல் என்னங்க பண்ணும்? காலம் பூரா நிட்டிங் மிசினுக்கு நடுவுல நின்ன காது. ஆனா ஓடற சத்தத்தை வெச்சே எந்த மிசின்ல ஊசி ஒடைஞ்சிருக்குதுன்னு சொன்ன மனுசனுங்க அவரு! அவருகிட்டப் போயி, உங்க காது மந்தமாயிருச்சுன்னு நான் எந்த வாயில சொல்றது?

ஏனுங்கண்ணா, உங்க காதுக்குப் பின்னால... அது காது மிசின்தானுங்களே? கல்லு அறுக்கற சத்தத்துல போனதுங்களா? அட! அப்ப நான் பொலம்புனது பூராக் கேட்டுச்சுங்களா... சிரிக்காதீங்கண்ணா.

கல்லு வேண்டாங்கலீங்க, நல்லா இழைச்சே குடுங்க. சாயந்தரம் பாக்க வருவாரு. நீங்க ஒண்ணும் எடுத்துச் சொல்ல வேண்டாம். அவரு முன்னால அந்தக் காது மிசினை ஒருக்காக் கழட்டி, தொடைச்சு மாட்டுங்க, அது போதும். புதுசா ஒரு சாமானத்தைக் கண்டா அவரு கேக்காம இருக்க மாட்டாரு. கேட்டாருன்னா, எங்க வாங்குனீங்கன்னு மட்டும் சொல்லுங்கண்ணா.